கூலி ஆளின் பெயரல்ல!

திருப்பதி, சித்தூர் வட்டாரத்தில் தமிழருக்கும் தெலுங்கருக்கும் விளக்கம் தேவைப்படாத சொற்களில் ஒன்று 'கூலி'. கழனி வேலையோ, கட்டட வேலையோ, மாலையில் கைக்கு வருவது இரு மொழியிலும் கூலிதான். கன்னடத்திலும் மலையாளத்திலும் அப்படியே. ஆனால் தெலுங்கர் ஒருவர் 'கோட கூலிப்போயிந்தி' என்றால், கூலி போய்விட்டதே என்று பதற வேண்டாம். சுவர் இடிந்து விழுந்தது என்று பொருள். அது வேறு சொல்.

தமிழில் இது மிகப் பழைய சொல். தெய்வம் கைவிட்டாலும் உழைத்த உடம்புக்கு உரியது கிடைக்கும் என்று சொல்லும் 619-ஆம் குறளிலேயே 'கூலி' இருக்கிறது. அங்கே அது உழைத்தவனுக்குச் சேர வேண்டியது. அதில் இழிவு ஏதுமில்லை.

சம்பளத்தின் பெயர் ஆளின் பெயரானது எப்படி? தமிழ்ச் சொல்தான் போர்த்துக்கீசியர் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது என்பர் ஒரு சாரார். குஜராத்தின் கோலி சமூகத்தார் பெயரிலிருந்து வந்தது என்பர் மற்றொரு சாரார். இரண்டும் கலந்திருக்கலாம் என்பாரும் உண்டு. சீனர்கள் இந்த ஓசைக்குத் தேர்ந்தெடுத்த இரண்டு எழுத்துகளின் பொருள் 'கசப்பு', 'வலிமை'. பொருத்தம்தான்!

1834 முதல் மொரீசியசுக்கும், 1860 முதல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் கப்பலேறினர். நேட்டாலுக்கு முதல் கப்பல் 'ட்ரூரோ' புறப்பட்டது சென்னையிலிருந்து. பின்னர் வட ஆற்காடு மாவட்டத்திலிருந்தும் ஏராளமானோர் சென்றனர். அன்று சித்தூரும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. கரும்புத் தோட்டத்தில் அவர்களுக்கு ஓர் எண் தரப்பட்டது. வெள்ளையர் வாயில் எல்லோருக்கும் ஒரே பெயர், 'கூலி'. படித்துப் பட்டம் பெற்றுப் போன காந்தியும் அங்கே 'கூலி பாரிஸ்டர்' ஆனார். தென்னாப்பிரிக்காவில் இன்றும் அது வசைச்சொல்.

நம் ரயில் நிலையங்களிலும் அந்த ஆங்கிலக் 'கூலி'தான் திரும்பி வந்து நின்றது. 2016 ரயில்வே பட்ஜெட்டில், சுமை தூக்குவோரை இனி 'சகாயக்' என்று அழைக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். உதவியாளர் என்று பொருள். நல்ல மாற்றம்தான். ஆனால் உத்தரவு போட்டதும் நாக்கு மாறிவிடுவதில்லை.

நமக்கோ புதுப் பெயர்கூடத் தேவையில்லை. 'ஏய் கூலி' என்பதற்குப் பதிலாக, தமிழில் 'அண்ணே' என்றோ தெலுங்கில் 'அன்னா' என்றோ அழைத்து, 'கூலி எவ்வளவு?' என்று கேட்டால் போதும். சொல் தன் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும்.