மே மாதம், மொட்டை மாடி அறை, கேமிங் லேப்டாப்

சென்னைத் தாம்பரத்தை அடுத்த இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய தெருக்களில், பல வீடுகளின் மொட்டை மாடியில் தனியாக ஓர் அறை இருக்கும். கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்குப் படிப்பு, தூக்கம், கேம் எல்லாம் அங்கேதான். கோடை வந்துவிட்டால் அந்த அறையிலிருந்து ஒரே புலம்பல்: “கேம் பாதியிலேயே லேப்டாப் ஆஃப் ஆயிடுதும்மா!” உடனே ‘மதர்போர்டு போச்சு’ என்று முடிவுகட்டி, புது லேப்டாப்புக்கு இ.எம்.ஐ. கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் கோளாறு காற்றுப் போகும் வழியில்தான் இருக்கும்.

அறையே அடுப்பானால்...

லேப்டாப் பெட்டியோடு வரும் தாளைப் புரட்டினால், எந்த வெப்பநிலையில் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி இருக்கும். பல கம்பெனிகள் அதிகபட்சம் 35 டிகிரி செல்சியஸ் என்றே போட்டிருக்கின்றன. அக்னி நட்சத்திர நாட்களில் சென்னையில் 40 டிகிரி சாதாரணம். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரியே பதிவானது. தாம்பரம் பக்கம் கடலிலிருந்து தள்ளி இருப்பதால் கடற்காற்றும் தாமதமாகத்தான் எட்டிப் பார்க்கும்.

பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம், பொழுது சாய்ந்த பிறகும் அறைக்குள் வெப்பத்தைக் கக்கிக்கொண்டே இருக்கும். சீலிங் ஃபேன் அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளும். லேப்டாப் ஃபேனும் அதே காற்றைத்தான் உள்ளே இழுக்கிறது. அறை 10 டிகிரி கூடினால், உள்ளே இருக்கும் சிப்பும் ஏறக்குறைய அதே அளவு கூடும்.

முதலில் திக்கும், பிறகு அணையும்

கேம் ஓடும்போது பிராசஸரும் கிராபிக்ஸ் சிப்பும் ஒரே நேரத்தில் முழு மூச்சாக உழைக்கின்றன. இரண்டும் சேர்ந்து 150 வாட் வரை இழுக்கும் மாடல்கள் உண்டு. அது இரண்டு பழைய சீலிங் ஃபேன் இழுக்கும் கரண்ட். அத்தனையும் வெப்பமாகி, செம்புக் குழாய்கள் வழியாக ஓரத்துத் தகடுகளுக்குப் போய், ஃபேன் காற்றோடு வெளியேற வேண்டும்.

வெளியேறாவிட்டால்? 100 டிகிரியை நெருங்கும்போது சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கேம் திக்குவது அதனால்தான். அப்படியும் சூடு தணியாவிட்டால், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மொத்தமாக அணைந்துவிடும். வெறும் வெயிலுக்கு லேப்டாப் திக்கும். அணையும் அளவுக்குப் போகிறது என்றால் பெரும்பாலும் உள்ளே எங்கோ அடைப்பு இருக்கிறது, அல்லது ஃபேனே சுற்றவில்லை.

அணைவதற்குச் சூடு அல்லாத காரணமும் இருக்கலாம். ‘எச்டபிள்யூ இன்ஃபோ’ என்ற இலவச மென்பொருளில் வெப்பநிலையைப் பதிவுசெய்ய விட்டுவிட்டு கேம் ஆடுங்கள். அணைந்த பிறகு அந்தப் பதிவின் கடைசி வரிகளைப் பாருங்கள். 100 டிகிரியை ஒட்டி இருந்தால் சூடுதான் காரணம். 75, 80 என்று இருந்தால் சந்தேகம் சார்ஜர் மேலும் பேட்டரி மேலும் திரும்ப வேண்டும். கேமிங் லேப்டாப்புக்குக் குறைந்த வாட் சார்ஜரைச் செருகினாலும் இப்படி நடக்கலாம்.

மூடியைத் திறந்தால்

ஜி.எஸ்.டி. ரோட்டிலும் பைபாஸிலும் லாரிகள் கிளப்பும் புழுதி, ஜன்னல் திறந்திருக்கும் எந்த அறையையும் விடாது. அடிமூடியைக் கழற்றினால் ஃபேன் பளிச்சென்றுகூட இருக்கலாம், ஏமாந்துவிடக் கூடாது. ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவே, தூசியும் முடியும் சேர்ந்து கம்பளித் துண்டு போல ஒரு படலம் உட்கார்ந்திருக்கும். வெளியிலிருந்து ஊதினால் அது இன்னும் இறுகும். ஃபேனைக் கழற்றி, அதை அப்படியே உரித்து எடுக்க வேண்டும். புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் போய்விடும். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் போர்டில் படும்.

சில வருடம் ஆன லேப்டாப் என்றால் சிப்பின் மேல் தடவிய தெர்மல் பேஸ்ட்டும் காய்ந்திருக்கும். பழையதைத் துடைத்துப் புதிது வைக்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் கடைக்காரரிடம் கொடுப்பதே நல்லது. வாரன்டி இருந்தால் சர்வீஸ் சென்டரில் கேட்காமல் ஸ்க்ரூவில் கை வைக்காதீர்கள். ஃபேன் பழுது என்றால் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு மவுண்ட் ரோடு ரிச்சி தெருவில் விசாரிக்கலாம்.

காசில்லாத வைத்தியம்

மெத்தை மேல் வைத்து ஆடுவதை இன்றே நிறுத்துங்கள். அடியில் உள்ள காற்றுத் துளைகள் மூடிக்கொள்ளும். மேஜையில் வைத்து, பின்பக்கத்தை இரண்டு விரற்கடை உயர்த்துங்கள். கேம் செட்டிங்ஸில் எஃப்.பி.எஸ்.ஸை (நொடிக்கு எத்தனை படம் என்ற அளவை) 60-க்குக் கட்டுப்படுத்துங்கள். விண்டோஸ் பவர் செட்டிங்ஸில் பிராசஸரின் உச்ச அளவை 99 சதவீதமாக்கினால், பல லேப்டாப்களில் டர்போ வேகம் நின்று சூடு நன்றாகக் குறையும். பல கேம்களில் பெரிய வித்தியாசம் தெரியாது.

கூலிங் பேட்? அடைப்பு எடுத்த லேப்டாப்புக்குக் கொஞ்சம் உதவும். அடைப்போடு இருப்பதற்கு வாங்கினால் காசுக்குத்தான் கேடு.

ஒரே ஒரு அறிகுறிக்கு மட்டும் எந்தச் சமாளிப்பும் கூடாது. டச்பேட் மேலே எழும்பினாலோ, அடிமூடி பிதுங்கினாலோ பேட்டரி உப்பிவிட்டது என்று பொருள். சார்ஜரைப் பிடுங்கி, லேப்டாப்பை அணைத்து, பேட்டரியை மாற்றிய பிறகே மறுபடி ஆன் செய்யுங்கள். கேம் காத்திருக்கும்.