சிக்கனுக்குச் சிவப்புச் சாயம் எதற்கு?



நம் குழுக்களில் பலர் கடன் வாங்கிச் சாயங்காலக் கடை போட்டிருக்கிறோம். சிக்கன் 65, சில்லி சிக்கன் நன்றாக ஓடுகிறது. "செக்கச்செவேல்னு இருந்தாத்தானே வாங்குறாங்க" என்று சிலர் ஒரு சிட்டிகை கலர்ப் பொடியும் சேர்க்கிறார்கள். அந்தச் சிட்டிகை நம் பிழைப்பையே கெடுத்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் 8 செயற்கை நிறங்களுக்கு மட்டுமே அனுமதி. அதுவும் ஐஸ்கிரீம், மிட்டாய், பிஸ்கட் போன்ற சில பொருட்களில், குறிப்பிட்ட அளவுக்குள்தான். கறி, மீன் வறுவலில் போடக்கூடாது. "கடையில விக்கிற கலர்தானே" என்று சொல்லித் தப்ப முடியாது. கர்நாடகத்தில் 2024-இல் 39 கபாப் மாதிரிகளைச் சோதித்தார்கள். 8 மாதிரிகள் பாதுகாப்பற்றவை என்று தெரிந்தது. அவற்றில் இருந்தது சன்செட் எல்லோ, கார்மோய்சின். இரண்டுமே மிட்டாய்க்கு அனுமதி உள்ள நிறங்கள்தான்! அந்த ஜூன் மாதமே கபாபில் செயற்கை நிறம் சேர்க்க அங்கே தடை வந்தது.

ஆய்வுக் கூடத்தில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

முதலில் கறியை அரைத்துக் கொழுப்பை நீக்குகிறார்கள். மிளகாயின் சொந்த நிறம் எண்ணெயில் கரைவது. அது கொழுப்போடு போய்விடும். சாயமோ கறியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அமோனியா கலந்த ஆல்கஹாலில் ஊறவைத்து அதைப் பிரிப்பார்கள். பிறகு லேசான அமிலம் சேர்த்து, வெள்ளைக் கம்பளி நூலைப் போட்டுக் கொதிக்கவைப்பார்கள். சாயம் நூலில் ஏறிக்கொள்ளும். தண்ணீரில் அலசினாலும் போகாது.

எந்தச் சாயம் என்று எப்படித் தெரியும்? நூலிலிருந்து எடுத்த சாயத்தை ஒரு காகிதத்தில் பொட்டு வைத்து, காகிதத்தின் அடியைக் கரைசலில் நிறுத்துவார்கள். ஒவ்வொரு சாயமும் ஒவ்வொரு உயரத்துக்கு ஏறும். பக்கத்தில் வைத்த தெரிந்த சாயத்தோடு ஒப்பிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். எவ்வளவு இருக்கிறது என்பதைக் கருவி சொல்லும்.

மிளகாய்த் தூளில் கலக்கும் சூடான் சாயம் வேறு மாதிரி. அதுவும் எண்ணெயில் கரைவது. அதனால் அதைத் தனியாகக் கருவியில் சோதிப்பார்கள். இது உணவுக்கு ஆகவே ஆகாத சாயம். நாம் கலர்ப் பொடி போடாவிட்டாலும், மலிவுத் தூள் வாங்கினால் மாட்டிக்கொள்வோம்.

நாம் என்ன செய்யலாம்?

* மிளகாயை வாங்கிக் காயவைத்து நாமே அரைப்போம். நல்ல நிறம் வேண்டுமானால் காஷ்மீரி மிளகாய் சேர்ப்போம்.
* வெளியே வாங்கினால் பில்லைப் பத்திரமாக வைப்போம்.
* வாங்கிய பொருளில் சந்தேகமா? கட்டணம் கட்டி நாமே பகுப்பாய்வுக்குக் கொடுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. வாங்கும்போதே கடைக்காரரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். முறையை உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

நம் கடையில் சாப்பிடுவது நம்ம ஊர்ப் பிள்ளைகள். அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் பேசி, "எங்க கடையில கலர் இல்ல" என்று எழுதி மாட்டுவோம். சோதனைக்கு யார் வந்தாலும் தைரியமாகத் தட்டை நீட்டுவோம்!