ஓடும் காரில் கசியும் பெட்ரோல் ஆவி

பெட்ரோல் நிலையத்தில் மூக்கைத் துளைக்கும் நெடியை நீங்கள் அறிவீர்கள். பெட்ரோல் சாதாரண வெப்பநிலையிலேயே ஆவியாகும். கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ரோகார்பன்களின் கலவையே அந்த ஆவி. அதிலுள்ள பென்சீன் புற்றுநோயை உண்டாக்க வல்லது. மேலும், வெயிலில் நைட்ரஜன் ஆக்சைடுகளுடன் வினைபுரியும்போது ஓசோன் தோன்றுகிறது. வானில் உயரே நம்மைக் காக்கும் ஓசோன், தரையருகே நுரையீரலுக்குப் பகை.

வண்டியின் புகைக்குழாயில் கருவியைச் செருகிச் சோதிப்பது வழக்கம். ஆனால் தொட்டி மூடி, குழாய் இணைப்பு ஆகியவற்றின் வழியே எரியாமலே தப்பும் ஆவி அதில் அகப்படாது. வண்டியை நிறுத்தாமலே அதைக் கண்டறிய முடியுமா?

1987-இல் அமெரிக்காவின் டென்வர் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ஸ்டெட்மன் குழுவினர், சாலையின் குறுக்கே அகச்சிவப்புக் கதிரைச் செலுத்தி, கடந்து செல்லும் வண்டியின் கார்பன் மோனாக்சைடை அளந்தனர். பின்னர் ஹைட்ரோகார்பன் அளவீடும் சேர்ந்தது.

இதன் தத்துவம் எளிது. ஒவ்வொரு வாயுவும் தனக்குரிய அலைநீளக் கதிரை உட்கவரும். ஹைட்ரோகார்பன்கள் சுமார் 3.4 மைக்ரோமீட்டரையும், கார்பன் டை ஆக்சைடு சுமார் 4.3 மைக்ரோமீட்டரையும் கவர்கின்றன. வண்டி கடந்தவுடன் அரை விநாடிக்குள் ஏறத்தாழ 50 அளவுகள் எடுக்கப்படுகின்றன.

காற்று புகையைக் கலைத்துவிடாதா என்று கேட்பீர்கள். கலைக்கும், ஆனால் ஒரே குழாயில் வந்த வாயுக்கள் அனைத்தையும் ஒரே அளவில் கலைக்கும். ஆகவே அவற்றின் விகிதம் மாறாது. இரண்டையும் வரைபடத்தில் குறித்தால் புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் அமையும். எஞ்சினில் பெட்ரோல் சரியாக எரியாவிட்டால் கோட்டின் சாய்வு கூடும்; புள்ளிகள் சிதறமாட்டா.

கசியும் ஆவியின் கதை வேறு. அதில் கார்பன் டை ஆக்சைடு இல்லை. வெளிவரும் இடமும் வேறு. எனவே ஹைட்ரோகார்பன் புள்ளிகள் கோட்டை விட்டு விலகித் தாறுமாறாக எழும். அந்தச் சிதறலே கசிவின் அடையாளம்! ஆயினும் காற்றின் போக்கும் ஏமாற்றக்கூடும்; முன்சென்ற வண்டியின் ஆவி மிஞ்சியிருக்கவும் கூடும். ஆதலால் ஒரே அளவீட்டைக் கொண்டு தீர்ப்பளிக்கலாகாது. வண்டியைப் பட்டறையில் சோதித்தே உறுதி செய்யவேண்டும்.

தொட்டியில் உண்டாகும் ஆவியைப் பிடித்துவைக்க இன்றைய பெட்ரோல் கார்களில் கரி நிரப்பிய குப்பி உள்ளது. ஆனால் மூடி தளர்ந்திருந்தால் ஆவி வெளியேற வழி பிறந்துவிடும். அடுத்த முறை பெட்ரோல் நிரப்பியபின் மூடி இறுக மூடியுள்ளதா என்று பாருங்கள். காசும் மிச்சம், காற்றும் தூய்மை!