மலையேறும் நெய்யும் வலையேறும் நூலும்

கார்த்திகை மாதத்தில் திருவண்ணாமலைக்கு வந்தவர்கள் பார்த்திருப்பார்கள். மகா தீபத்துக்கான நெய் ஆயிரக்கணக்கான கிலோ. ஏற வேண்டிய உச்சியோ 2,668 அடி, வண்டி போகாத கல் பாதை. அத்தனை நெய்யையும் ஒரே அண்டாவில் நிரப்பித் தூக்கிப் போக யாராலும் முடியாது. டின் டின்னாகத்தான் ஏறும். வழியில் ஒருவர் கால் இடறினால் ஒரு டின் போகும், அவ்வளவுதான். அதற்கு முன் மேலே போய்ச் சேர்ந்த நெய் அங்கேயே பத்திரமாக இருக்கும்.

பெரிய கோப்பு ஒன்றை இணையத்தில் ஏற்றுவதும் இப்படித்தான் நடக்க வேண்டும். இது எனக்குப் புரிந்தது ஒரு பௌர்ணமி இரவில்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். அவரிடமிருந்த பழைய தலபுராண உரைநூல் ஒன்றைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கியிருந்தோம். அளவு 180 எம்பி. நூலாசிரியர் இறந்து 60 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டதால் இந்தியச் சட்டப்படி பதிப்புரிமைச் சிக்கல் இல்லை. அதை ஒரு தளத்தின் படிவம் வழியாக ஏற்ற உட்கார்ந்தோம். அன்று கிரிவலம். 14 கிலோமீட்டர் பாதை முழுக்க ஜனம், ஒவ்வொருவர் கையிலும் செல்போன். என் ஹாட்ஸ்பாட் மூச்சுத் திணறியது. எவ்வளவு ஏறியது என்று காட்டும் பட்டை 90 சதவீதம் வரை வந்து நின்றது. மறுபடி அழுத்தினால் சுழியத்திலிருந்து தொடங்கியது. மூன்று முறை அப்படி ஆனதும், "இன்னும் ஏறலையா தம்பி?" என்று கேட்டுவிட்டு ஐயா தூங்கப் போய்விட்டார். 90 சதவீதம் போய்ச் சேர்ந்த பிறகும் ஏன் எல்லாமே வீணாக வேண்டும் என்ற கேள்வியோடு நான் விழித்திருந்தேன்.

விடை, படிவத்தில் 'அனுப்பு' பொத்தானை அழுத்தும்போது பிரவுசர் என்ன செய்கிறது என்பதில் இருக்கிறது. அது ஒரு கடிதம் எழுதுகிறது. எச்டிடிபி என்ற நெறிமுறையில் எழுதப்படும் அந்தக் கடிதத்தின் தலைப்பகுதியில் எந்த முகவரிக்குப் போகிறது, உள்ளே இருப்பது என்ன வகை, எத்தனை பைட் என்ற விவரங்கள் வரும். பிறகு ஒரு வெற்று வரி. அதன் கீழே உடல்.

பெயர், ஊர் போன்ற சிறு விவரங்கள் மட்டுமென்றால் உடலை எழுத ஒரு பழைய வழி உண்டு. ஆங்கில எழுத்தும் எண்ணும் சில குறிகளும் அப்படியே போகும். மற்ற ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துகளுமாக மாறும். நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 'திருவண்ணாமலை' நம் கண்ணுக்கு 7 எழுத்து. யூனிகோடில் அகர எழுத்தும் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனியாகச் சேர்ந்து 12 குறிகள். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒன்றுக்கு 3 பைட், ஆக 36 பைட். ஒவ்வொரு பைட்டும் மூன்றெழுத்தாக நீண்டால் 108. ஊர்ப் பெயருக்கு இது பரவாயில்லை. ஸ்கேன் செய்த கோப்பை இதே முறையில் எழுதினால் 180 எம்பி ஏறக்குறைய இரண்டரை மடங்காக ஊதிவிடும்.

இந்தச் சிக்கலைத் தீர்க்க 1995 நவம்பரில் ஒரு வழி வந்தது. ஜெராக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த நெபெல், மாசின்டர் ஆகிய இருவரும் எழுதிய ஆர்எஃப்சி 1867 என்ற ஆவணம் அது. மின்னஞ்சலில் ஏற்கெனவே இருந்த 'மல்ட்டிபார்ட்' உத்தியை அவர்கள் படிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். உள்ளே வேறெங்கும் வராத ஒரு சொற்கோவையை எல்லைக்கல்லாக வைத்துக்கொள்வது. ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் இரண்டு சிறுகோடும் அந்த எல்லைச் சொல்லும், அடுத்த வரியில் இந்தப் பகுதியின் பெயர் என்ன, கோப்பானால் கோப்பின் பெயர் என்ன என்ற குறிப்பு, ஒரு வெற்று வரி, பிறகு சரக்கு. கோப்பின் பைட்டுகள் எந்த மாற்றமும் இல்லாமல் உள்ளபடியே போகும். கடைசி எல்லைச் சொல்லுக்குப் பின்னாலும் இரண்டு சிறுகோடு வந்தால் கடிதம் முடிந்தது என்று பொருள். கோயில் நிலத்துக்குக் கல் நட்டு எல்லை குறித்த ஊர்க்காரர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவு எளிமையான கடிதம் என்பதால் அதை எழுதப் பிரவுசர்தான் வேண்டும் என்பதில்லை. சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று போதும். 1998 முதல் வளர்ந்துவரும் 'கர்ல்' என்ற கருவியில் ஒற்றை வரிக் கட்டளை இதைச் செய்யும். பைத்தானில் 'ரிக்வெஸ்ட்ஸ்' நிரலகத்தை வைத்துக்கொண்டால் நாலைந்து வரி. ஒரு நூலுக்கு இது பெரிய விஷயமில்லை. 200 நூல் என்றால், ஒவ்வொன்றுக்கும் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, உரிமக் குறிப்பு என்று கையால் தட்டும் வேலை மிச்சம். விவரங்களை ஒரு எக்செல் தாளில் போட்டுவிட்டால் ஸ்கிரிப்ட் வரிவரியாக எடுத்துப் படிவத்தை நிரப்பிக்கொள்ளும்.

ஆனால் தொடக்கத்தில் எல்லோரும் விழும் குழி ஒன்று இருக்கிறது, நானும் விழுந்தேன். ரிக்வெஸ்ட்ஸிடம் கோப்பைக் கொடுத்தால், மல்ட்டிபார்ட் கடிதம் முழுவதையும் அது முதலில் கணினியின் நினைவகத்தில் கட்டிவிட்டுத்தான் அனுப்பத் தொடங்கும். 180 எம்பிக்குத் தாங்கும். 2 ஜிபி நினைவகம் உள்ள பழைய மடிக்கணினியில் ஒன்றரை ஜிபி வீடியோவை ஏற்றப் பார்த்தால் இயந்திரம் உறைந்துவிடும். கோப்பைச் சிறிது சிறிதாகப் படித்துக்கொண்டே அனுப்பும் முறையை ஓடை என்கிறார்கள். பைத்தானில் அதற்கென்றே தனித் துணைக்கருவி உண்டு. கர்ல் கோப்பை இயல்பாகவே இப்படித்தான் அனுப்பும்.

மறுமுனையிலும் தடை இருக்கும். எஞ்சின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருள், யாரும் மாற்றியமைக்காவிட்டால், 1 எம்பிக்கு மேற்பட்ட கடிதத்தை வாங்காது. 413 என்ற எண்ணைச் சொல்லித் திருப்பி அனுப்பும். பிஎச்பியில் கோப்புக்கான இயல்பு வரம்பு 2 எம்பி. 413ஐக் கண்டால் நம் ஸ்கிரிப்டில் பிழை தேட வேண்டாம். தளத்தை நடத்துபவரிடம்தான் பேச வேண்டும்.

இப்போது அந்த 90 சதவீதத்துக்கு வருவோம். ஓடையாக அனுப்பினாலும் கடிதம் ஒன்றே ஒன்றுதான். கடைசி எல்லைக்கல் வந்து சேராதவரை சர்வருக்கு அது முழுமையற்ற கடிதம், கிழித்துப் போட்டுவிடும். இறக்குவதற்கு இந்தத் தொல்லை இல்லை. 'இத்தனையாவது பைட்டிலிருந்து கொடு' என்று கேட்கும் வசதி 1990களிலேயே எச்டிடிபிக்குள் வந்துவிட்டது. ஏற்றுவதற்கு அப்படியொரு பொதுவழி அப்போது வைக்கப்படவில்லை. கொடுப்பவரை விட எடுப்பவரை நினைத்தே இணையம் கட்டப்பட்டது என்று எனக்குத் தோன்றும். நம் ஊர்ப் பெட்டிகளில் கிடக்கும் நூல்களை மேலேற்ற நினைப்பவர்களுக்கு இது உண்மையான குறை. அதனால் பெரிய தளங்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு வழியை வைத்திருக்கின்றன.

படங்களையும் நூல்களையும் சேர்த்து வைக்கும் விக்கிமீடியா காமன்ஸ் தளத்தின் வழி நெய் டின் வழிதான். கோப்பை நாமே துண்டு போட வேண்டும். 4 எம்பி அளவில் வெட்டினால் 180 எம்பி நூல் 45 துண்டு. ஒவ்வொரு துண்டும் தனித்தனி மல்ட்டிபார்ட் கடிதமாகப் போகும்: கோப்பின் மொத்த அளவு இவ்வளவு, இந்தத் துண்டு இத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது, இதோ சரக்கு. சர்வர் அதை வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு சாவியைத் தந்து, அடுத்து எந்த பைட்டிலிருந்து வேண்டும் என்றும் சொல்லும். ஸ்கிரிப்ட் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு அங்கிருந்து தொடர வேண்டியதுதான். எல்லாம் சேர்ந்த பிறகு சாவியைக் காட்டி 'வெளியிடு' என்று இன்னொரு கடிதம். கணக்கில் நுழைவதற்கான கடவுச்சொல்லை மட்டும் ஸ்கிரிப்டுக்குள் எழுதி வைக்காதீர்கள்.

தமிழில் காமன்ஸில் நூல்களை ஏற்றி நடந்த பெரிய வேலை ஒன்று உண்டு. நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் ஸ்கேன் செய்து வைத்திருந்தது. அவற்றில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவற்றைத் தன்னார்வலர்கள் காமன்ஸில் ஏற்றித் தமிழ் விக்கிமூலத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கும் மேலே ஒரு படி, கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதும் கணியம் குழுவைச் சேர்ந்த த. சீனிவாசன் எழுதிய பைத்தான் ஸ்கிரிப்ட். நூலைப் பக்கங்களாகப் பிரித்து, ஒவ்வொரு பக்கத்தையும் கூகுள் டிரைவுக்கு ஏற்றி, எழுத்துணரி படித்துத் தரும் உரையை இறக்கி, விக்கிமூலத்தின் உரிய பக்கத்தில் மறுபடி ஏற்றும். படிவத்தைக் கையால் நிரப்பியிருந்தால் அது எத்தனை ஆண்டு வேலை!

தமிழ்க் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பக்கத்து ஊரான போளூரின் 'போ'வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஓகாரக் குறி ஒன்றே ஒன்று, அல்லது முன்னால் இரட்டைக் கொம்பும் பின்னால் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும், பைட்டுகள் வேறு. எக்செல் தாளில் ஒரு விதமாகவும் கோப்பின் பெயரில் இன்னொரு விதமாகவும் இருந்தால் 'கோப்பைக் காணோம்' என்று ஸ்கிரிப்ட் நின்றுவிடும். இந்த ஒரு எழுத்துக்காக நான் அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன். பெயர்களை முதலிலேயே ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள், பைத்தானில் அது ஒரு வரி.

அடுத்த பௌர்ணமிக்கு, ஐயாவின் நூலைக் காமன்ஸில் ஏற்ற ஸ்கிரிப்டோடு உட்கார்ந்தேன். 23ஆம் துண்டில் நெட் அறுந்தது. 22 துண்டு, 88 எம்பி, மேலேயே இருந்தது. அரை நிமிடம் பொறுத்து அதே 23ஆம் துண்டை ஸ்கிரிப்ட் மறுபடி அனுப்பியது. 45 முடிந்ததும் ஷா-1 சரிபார்த்தேன். கோப்பின் எல்லா பைட்டுகளையும் சேர்த்து அரைத்து 40 எழுத்தில் தரும் கைரேகை அது. என்னிடமிருந்ததும் காமன்ஸ் காட்டியதும் கடைசி எழுத்து வரை ஒன்றாக இருந்தன.

காலையில் ஐயாவிடம் செல்போனைக் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "37ஆம் பக்கத்துல பூச்சி அரிச்ச ஓட்டை ஒண்ணு இருக்குமே, அது வந்திருக்கா பாரு" என்றார். பக்கத்தை விரித்துக் காட்டினேன். இரண்டாம் பத்தியில், 'அண்ணாமலை' என்ற சொல்லுக்குப் பக்கத்தில், மிளகளவு ஓட்டை அப்படியே இருந்தது.