கார்டை நிறுத்துவதற்கு முன்

சந்தா உயர்கிறது என்று மருத்துவக் காப்புறுதி நிறுவனத்தின் கடிதம் வந்ததும், ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் பல குடும்பங்களில் முதலில் வரும் பேச்சு, "மெடிக்கல் கார்டை நிறுத்திடலாமா?" என்பதுதான். அறுபதை நெருங்கும் வயதில் நிறுத்தினால் திரும்ப எடுப்பது கடினம். இனிப்புநீரும் ரத்த அழுத்தமும் உள்ளவருக்குப் புதுக் கார்டு கிடைத்தாலும், பழைய நோய்க்குப் பெரும்பாலும் காப்பு இராது.

2021 முதல் 2023 வரை மருத்துவக் காப்புறுதிக் கோரிக்கைகளின் செலவு மொத்தம் 56 விழுக்காடு கூடியதாக மத்திய வங்கியான பேங்க் நெகாரா சொல்கிறது. மருந்து விலையும் மருத்துவமனைக் கட்டணமும் ஒருபக்கம். நாம் எடுக்கும் காப்பின் வகையும் இதில் சேர்த்தி. எல்லாவற்றையும் கார்டு கட்டிவிடும் என்றால் நோயாளி பில்லைப் பார்ப்பதில்லை. இன்னொரு ஸ்கேன் எழுத மருத்துவமனையும் தயங்குவதில்லை. அந்தச் செலவு பின்னால் எல்லார் சந்தாவிலும் ஏறுகிறது.

1970களில் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் இதை ஆயிரக்கணக்கானோரிடம் சோதித்தது. கைக்காசும் போட்டவர்களைவிட இலவசக் காப்பு பெற்றவர்கள் அதிகம் செலவழித்தார்கள். பெரும்பாலோர் உடல்நலத்தில் வித்தியாசமில்லை. ஆனால் ரத்த அழுத்தம் இருந்த ஏழைகளுக்கு இலவசக் காப்பே நன்மை செய்தது. இந்தப் பின்பாதியை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. மருத்துவ உதவியாளரான டிரஸ்ஸர் காசு வாங்காமல் மாத்திரை கொடுத்த தோட்டத்திலிருந்து வந்த நம் பெரியவர்களுக்கு அதுதான் பொருந்துகிறது.

2024 செப்டம்பரிலிருந்து, செலவில் நாமும் பங்கு கட்டும் திட்டத்தை நிறுவனங்கள் விற்பனைக்கு வைத்தாக வேண்டும். குறைந்தது 5 விழுக்காடு, அல்லது முதல் 500 வெள்ளி நம்முடையது. சந்தா குறையும். அவசர சிகிச்சை, புற்றுநோய், டயாலிசிஸ் போன்றவற்றின் தொடர் சிகிச்சை, அரசு மருத்துவமனைச் சிகிச்சை ஆகியவற்றுக்கு இந்தப் பங்கு இல்லை. கொஞ்சம் சேமிப்பு உள்ளவர்கள், கார்டை நிறுத்துவதைவிட இதற்கு மாறலாம் என்பது என் கருத்து. நம் பங்குக்கு உச்சவரம்பு எவ்வளவு என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முகவர் வேறு நிறுவனத்துக்கு மாறச் சொன்னால் அவசரப்பட வேண்டாம். காத்திருப்புக் காலம் மறுபடி தொடங்கும்: பொதுவாக 30 நாள், இருதயம், கட்டி, கல் போன்றவற்றுக்கு 120 நாள். படிவத்தில் நோயை மறைக்கவும் கூடாது. "அதெல்லாம் எழுத வேண்டாம்" என்று முகவர் சொன்னாலும் கையெழுத்து உங்களுடையது.

அன்றாட மாத்திரைக்குக் கார்டு தேவையே இல்லை. குடிமக்களுக்கு அரசு கிளினிக்கில் 1 வெள்ளி. ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. அரசின் ரஹ்மா உதவித்தொகை பெறும், 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு பெக்கா பி40 திட்டத்தில் இலவச உடல் பரிசோதனை உண்டு.

2024 டிசம்பரில் பேங்க் நெகாரா அறிவித்தபடி, கோரிக்கைச் செலவால் வரும் சந்தா உயர்வை 2026 இறுதிவரை குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்தே வசூலிக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்படி இல்லையென்றால் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். கோரிக்கை மறுக்கப்பட்டாலும் அதே வழிதான். நிறுவனத்தின் இறுதிப் பதிலில் திருப்தி இல்லையென்றால், ஆறு மாதத்துக்குள் நிதிச் சந்தைக் குறைதீர்ப்பு அமைப்பான எஃப்.எம்.ஓ.எஸ்.-இடம் போகலாம். அங்கே கட்டணம் கிடையாது.