எழுதி வாழ்ந்தவர்கள் – 6: ஆயிரத்தைந்நூறு கினி

1737-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், லிச்ஃபீல்டு என்னும் ஊரிலிருந்து லண்டன் மாநகரை நோக்கி இருவர் புறப்பட்டனர். மூத்தவருக்கு வயது இருபத்தேழு. புத்தக வியாபாரி ஒருவரின் புதல்வராய்ப் பிறந்து, கையில் பொருளில்லாத காரணத்தால் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் பதின்மூன்று மாதங்களுக்கு மேல் தங்க இயலாமல் பட்டமின்றித் திரும்பி, பின்னர்ப் பள்ளிக்கூடம் ஒன்று வைத்து, மாணாக்கர் சேராமையால் அதையும் மூடிவிட்டவர். இளையவர் அப்பள்ளியில் பயின்ற மிகச் சிலருள் ஒருவர். இளையவராகிய டேவிட் காரிக் நான்கைந்து ஆண்டுகளுக்குள் ஆங்கில நாடக மேடையின் தலைசிறந்த நடிகராய்ப் பெயரெடுத்தார். மூத்தவராகிய ஸாமுவேல் ஜான்ஸனோ, நாளைய உணவைப் பற்றிய கவலையின்றி உறங்குவதற்கு மேலும் இருபத்தைந்து ஆண்டுகள் காத்திருந்தார். அந்த இருபத்தைந்து ஆண்டுகளும் அவரைக் காப்பாற்றியது அவருடைய எழுதுகோல் ஒன்றே. எழுத்தையே முழுநேரத் தொழிலாகக் கொண்டு, எவருக்கும் கைகட்டி நில்லாமல் வாழ விரும்புவோர் அறிய வேண்டுவன பலவும் அவருடைய வரவு செலவுக் கணக்கிலேயே அடங்கியிருப்பதாக நான் கருதுவதால், இவ்வாரம் அவருடைய இலக்கியக் கீர்த்தியைச் சற்றே ஒதுக்கிவைத்து, அவர் வாங்கிய கூலியைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

நம் நாட்டில் புலவர்கள் வள்ளல்களை நாடிச் சென்று பாடிப் பரிசில் பெற்றது போலவே, அந்நாட்டிலும் நூலாசிரியர் ஒரு பிரபுவுக்குத் தம் நூலைச் சமர்ப்பணம் செய்து, அவர் மனமுவந்து அளிக்கும் பொற்காசுகளைக் கொண்டு காலங்கழிக்கும் சம்பிரதாயம் நெடுநாளாய் இருந்துவந்தது. ஜான்ஸன் லண்டனை அடைந்த சமயத்தில் அது தேய்ந்து, புத்தகங்களை அச்சிட்டு விற்கும் வியாபாரிகளின் கை ஓங்கிக்கொண்டிருந்தது. 1710-இல் அமலுக்கு வந்த சட்டம், புதிய நூலின் பதிப்புரிமையைப் பதினான்கு ஆண்டுகளுக்கு ஆசிரியருடையதாக்கி, அக்கால முடிவில் அவர் உயிருடனிருந்தால் மேலும் பதினான்கு ஆண்டுகளை அளித்திருந்தது. சட்டம் அளித்த உரிமையை வாடகைப் பாக்கி வைத்திருந்த எழுத்தாளன் வைத்துக் காப்பது எங்ஙனம்? கையெழுத்துப் பிரதியை ஒப்படைக்கும்போதே உரிமை முழுவதையும் ஒரே தொகைக்கு விற்றுவிடுவது பெருவழக்காயிற்று.

அத்தொகைகளை மதிப்பிட ஓர் அளவுகோல் வேண்டும். லண்டனில் வாழும் வகையை ஜான்ஸனுக்குக் கற்பித்தவர் ஐரிஷ் ஓவியர் ஒருவர். ஆண்டுக்கு முப்பது பவுன் இருந்தால் பிறர் இகழாதபடி அங்கே வாழலாம் என்பது அவருடைய கணக்கு: உடைக்குப் பத்துப் பவுன், மாடியறைக்கு வாரம் பதினெட்டுப் பென்ஸ், சலவைச் சட்டை அணிந்த நாளில் மட்டும் பெரிய மனிதர்களைக் காணச் செல்வது. இந்த முப்பது பவுனை நினைவில் வைத்துக்கொண்டே மேலே வரும் எண்களை வாசகர் படிக்க வேண்டுகிறேன். கினி என்பது ஒரு பவுனுக்கு ஒரு ஷில்லிங் கூடுதலான நாணயம்.

ஜான்ஸனுக்கு முதலில் கைகொடுத்தவர் எட்வர்டு கேவ் என்னும் பத்திராதிபர். கிளார்க்கன்வெல் பகுதியில் செயின்ட் ஜான் வாயில் என்று வழங்கிய பழைய மடாலய வாயிலின் மேலுள்ள அறைகளிலிருந்து, 1731 முதல் அவர் நடத்திவந்த 'ஜென்டில்மன்ஸ் மாகஸின்' என்னும் மாதப் பத்திரிகைக்கு எழுதுவோரின் தேவை எப்பொழுதும் இருந்தது. மொழிபெயர்ப்பு, வைத்தியர்களின் வாழ்க்கைச் சுருக்கம், லத்தீன் கவி, பிறர் கட்டுரைகளைச் செப்பனிடுதல் என்று கேட்டதையெல்லாம் ஜான்ஸன் செய்து கொடுத்தார். பார்லிமெண்டு விவாதங்களைப் பிரசுரிப்பது 1738-இல் தடைசெய்யப்பட்டபோது, கேவ் அவற்றை லில்லிபுட் என்னும் கற்பனைத் தேசத்துச் சபையின் நடவடிக்கைகள் என்ற முகமூடியிட்டு வெளியிடலானார். மூன்றாண்டு காலம் அவற்றை எழுதியவர் ஜான்ஸனே. சபையினுள் ஒருமுறைக்கு மேல் கால்வைக்காமல், பேசியவர் இன்னார், பேசிய பொருள் இன்னது என்ற குறிப்பை மாத்திரம் வைத்துக்கொண்டு அவர் இயற்றிய சொற்பொழிவுகளை மெய்யான பேச்சுகளென்றே உலகம் நம்பியதை அறிந்ததும் அவ்வேலையை விட்டுவிட்டார். தம் கடைசி நாள்களிலும் அதற்காக வருந்தினார். கூலிக்கு எழுதுவதில் இழிவில்லை. படிப்பவரை ஏமாற்ற நேரும்போது கூலியைத் துறப்பதே எழுத்தாளனின் கடமை என்பதில் எனக்கு ஐயமில்லை.

அந்நாள்களின் வறுமை எத்தகையது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். நண்பராகிய கவிஞர் ரிச்சர்டு ஸாவேஜின் சரித்திரத்தை, ஒரே அமர்வில் அச்சுப் பக்கம் நாற்பத்தெட்டு வரும் அளவுக்கு இரவெல்லாம் கண்விழித்து எழுதிப் பதினைந்து கினிக்குக் கேவிடம் விற்றார். 1744-இல் நூல் வெளிவந்தபின், கேவின் இல்லத்தில் விருந்துண்ட வால்ட்டர் ஹார்ட் என்பவர் அதை வெகுவாகப் புகழ்ந்தார். மறுமுறை சந்தித்தபொழுது கேவ் அவரிடம், அன்று நீங்கள் ஒரு மனிதரைப் பெரிதும் மகிழச் செய்தீர்கள் என்றாராம். வேறு எவரும் அங்கே இல்லையே என்று அவர் வியக்க, திரைக்குப் பின்னால் ஒரு தட்டு உணவு அனுப்பப்பட்டதை நினைவூட்டினார் கேவ். கந்தலாடையுடன் விருந்தாளியின் முன் வர நாணி, அத்திரைக்குப் பின்னால் அமர்ந்து உண்டுகொண்டிருந்தவர் நூலாசிரியரே.

உடை கந்தலாயிருந்தாலும், விலை பேசும்போது அவர் குறுகி நிற்கவில்லை. 1738-இல் 'லண்டன்' என்ற தம் கவிதையை டாட்ஸ்லி என்னும் பிரசுரகர்த்தரிடம் கொடுத்தபோது, பத்துக் கினிக்குக் குறைந்து அவர் இசையவில்லை. அதற்கு அவர் பிற்காலத்தில் சொன்ன காரணத்தை எழுத்தாளர்கள் அனைவரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்: குறைவான தொகைக்கும் தாம் ஒருவேளை இசைந்திருக்கக்கூடும், ஆனால் பால் ஒயிட்ஹெட் என்ற கவி சிறிது காலத்துக்கு முன் ஒரு கவிதைக்குப் பத்துக் கினி பெற்றிருந்தபடியால், அவருக்குக் கிடைத்ததைவிடக் குறைவாகத் தாம் பெறுவது தகாது என்று எண்ணினார் என்பதே அது. சக எழுத்தாளன் பெற்ற விலை தெரிந்திருந்தமையாலன்றோ, ஊரும் பேரும் அறியாத ஓர் இளைஞருக்கு நான்கு மாத ஜீவனத்துக்குரிய தொகை கிடைத்தது! தாம் பெறும் சன்மானத்தை ஒருவரிடமிருந்து ஒருவர் மறைத்துக்கொள்வதால் எழுத்தாளர்களுக்கு உண்டாகும் நஷ்டத்தை இதைக் காட்டிலும் தெளிவாக எடுத்துரைக்க என்னால் இயலாது.

1746-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள், லண்டன் புத்தக வியாபாரிகள் சிலர் கூட்டாகச் சேர்ந்து, ஆங்கில பாஷைக்கு ஓர் அகராதி இயற்றித் தருமாறு ஜான்ஸனுடன் ஒப்பந்தம் செய்துகொண்டனர். பேசிய தொகை ஆயிரத்தைந்நூறு கினி. அந்த ஐரிஷ் ஓவியரின் கணக்குப்படி ஒரு மனிதர் ஐம்பதாண்டு உண்டு உடுத்து வாழப் போதுமான பணம். ஆனால் காகிதச் செலவும் பிரதி எழுதுவோரின் சம்பளமும் அதனுள் அடக்கம். கஃப் சதுக்கத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, அதன் மேல்மாடியை வர்த்தகசாலையின் கணக்கறை போல அமைத்து, ஆறு பிரதிகாரர்களை அங்கே அமர்த்தினார். அவர்களுள் ஐவர் ஸ்காட்லாந்துக்காரர். ஜான்ஸன் நூல்களைப் படித்துக்கொண்டே போவார். வேண்டிய சொல்லின் கீழ்ப் பென்ஸிலால் கோடிட்டு, அதன் முதலெழுத்தை ஓரத்தில் குறிப்பார். பிரதிகாரர்கள் அவ்வாக்கியத்தைத் தனித் துண்டுக் காகிதத்தில் எழுதி, அகரவரிசையில் சேர்ப்பார்கள். இரவல் கொடுத்தவர்களுக்கு அந்நூல்கள் எந்நிலையில் திரும்பியிருக்கும் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் காகிதத்தின் இருபுறமும் எழுதிவிட்டபடியால், அச்சுக்கோப்பவரின் வசதிக்காக அனைத்தையும் ஒருபுறமாக மறுபடி எழுதுவிக்க நேர்ந்து, காகிதத்துக்கு மாத்திரம் இருபது பவுன் செலவாயிற்று. தனித்தொழில் செய்பவனுக்கு இத்தகைய நஷ்டத்தைத் தாங்க முதலாளி கிடையாது. எல்லாம் அவன் கூலியிலிருந்தே கழியும்.

மூன்றாண்டில் முடிப்பதாகச் சொன்ன வேலை ஒன்பதாண்டுக்கு நீண்டது. பணமோ வேலைக்கேற்பச் சிறிது சிறிதாகக் கைக்கு வந்து, வந்தவண்ணமே கரைந்தது. அதனிடையே குடும்பம் நடந்தது எப்படி? 1750-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் ஈராண்டு காலம் செவ்வாய்தோறும் சனிதோறும் 'ராம்ப்ளர்' என்ற கட்டுரைத் தாளை வெளியிட்டு, கட்டுரைக்கு இரண்டு கினி வீதம் வாரம் நான்கு கினி பெற்றார். மொத்தம் 208 இதழ்களுள் நான்கைந்து நீங்கலாக அனைத்தும் அவர் எழுதியவை. பெரும்பாலும் கடைசி நேரத்தில், திரும்பப் படித்துப் பார்க்கவும் அவகாசமின்றி அச்சுக்கூடத்துக்குச் சென்றவை. இரண்டு பென்ஸ் விலையுள்ள அந்தத் தாள் ஐந்நூறு பிரதிகூட விற்கவில்லை. ஆயினும் புத்தக வடிவில் தொகுக்கப்பட்டபின் அவர் ஆயுட்காலத்திலேயே பத்துப் பதிப்புகள் கண்டது. தவிரவும், பிறர் நூல்களுக்கு முகவுரையும் சமர்ப்பண வாசகமும் எழுதிக் கொடுத்தார். பாதிரிமார்களுக்காக ஏறக்குறைய நாற்பது பிரசங்கங்கள் இயற்றியதாக அவரே சொல்லியிருக்கிறார். கூலி பெற்றபின் அவற்றை எழுதியவர் தாமென்று உரிமை கொண்டாடுவது நேர்மையன்று என்பது அவர் கொள்கை. பல்லாண்டு வேலையாகிய பெரிய கிரந்தம் ஒன்று, வாரந்தோறும் காசு தரும் சிறிய எழுத்து மற்றொன்று என இரண்டையும் ஒருங்கே வைத்துக்கொண்டதுதான் அவரை வாழ வைத்தது. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் நம்பியிருந்தால் அகராதி முடிந்திராது என்பது என் அபிப்பிராயம்.

1747-இல் அகராதியின் திட்டத்தை அவர் செஸ்டர்பீல்டு பிரபுவுக்கு முகமனாக எழுதியிருந்தார். பிரபு பத்துப் பவுன் அளித்தார். பின்னர், வெளியறையில் காத்திருந்த ஆசிரியரைக் கண்டுகொள்ளவில்லை. நூல் வெளிவரும் தறுவாயில், 1754-ஆம் ஆண்டின் இறுதியில், அதைப் புகழ்ந்து இரண்டு கட்டுரைகள் வரைந்து, சமர்ப்பணத்தை எதிர்பார்த்தார். 1755 பிப்ரவரி 7-ஆம் நாள் ஜான்ஸன் அவருக்கு வரைந்த கடிதம், ஏழாண்டு முழுவதும் ஓர் உதவியோ ஊக்கமோ இன்றித் தாமே உழைத்து முடித்த வேலைக்கு இப்போது வரும் ஆதரவு தமக்குத் தேவையில்லை என்பதைப் பணிவு குறையாத சொற்களால் தெரிவித்தது. பிரபு அதை மேஜைமேல் வைத்து வருவோருக்கெல்லாம் காட்டினாராம். எழுத்தாளனின் சுயமரியாதைக்குச் சான்றாக அக்கடிதத்தை எல்லோரும் போற்றுகிறார்கள். நானும் போற்றுகிறேன். ஆனால் அந்தத் தைரியத்துக்கு அஸ்திவாரமாய் இருந்தது 1746-ஆம் ஆண்டு ஒப்பந்தமே என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமன்று. பிரபுவின் தயவில் அரிசி வாங்க வேண்டிய நிலையிலிருந்தால், எத்தகைய மேதையும் அக்கடிதத்தை எழுதத் துணியான். பேரம் பேசி, தொகை குறித்து, கையொப்பமிட்டுத் தந்த வியாபாரிகளின் காசுதான் அவரைப் பிரபுக்களிடமிருந்து விடுவித்தது.

அகராதி 1755 ஏப்ரல் 15-இல் இரண்டு பெருந்தொகுதிகளாய், 42,773 சொற்களுடன் வெளிவந்தது. மறு ஆண்டு மார்ச்சு மாதத்தில் அதன் ஆசிரியர் ஐந்து பவுன் பதினெட்டு ஷில்லிங் கடனுக்காகக் கைதானார். நாவலாசிரியர் ரிச்சர்டுஸன் ஆறு கினி அனுப்பி மீட்டார். தேசமெங்கும் பேர் விளங்கிய மனிதருக்கு ஆறு பவுன் இல்லை! பேசிய தொகை முழுவதும் நூல் அச்சேறுமுன்னரே செலவாகிவிட்டது. விற்பனையில் அவருக்குப் பங்கில்லை. அவ்வாண்டே ஷேக்ஸ்பியர் பதிப்புக்கென முன்கூட்டிக் கையொப்பத் தொகை சேர்த்தார். பணம் செலவாயிற்று, கையொப்பமிட்டோர் பட்டியலும் தொலைந்தது, நூல் வர ஒன்பதாண்டாயிற்று, இடையில் சர்ச்சில் என்ற கவி பலரறிய ஏளனம் செய்தார். முன்பணத்தை வாங்கிச் செலவழித்தபின் செய்யும் வேலை எவ்வளவு கசப்பானது என்பது அத்தொழிலில் இருப்பவர்களுக்கே தெரியும். 1759 ஜனவரியில் தாயார் மரணமடைந்தபோது, ஈமச் செலவுக்கும் அவர் விட்டுச்சென்ற சிறு கடன்களுக்குமாக, ஒரே வாரத்தின் மாலைப் பொழுதுகளில் 'ராஸ்ஸெலாஸ்' என்ற கதையை எழுதினார். நூறு பவுன் கிடைத்தது, இரண்டாம் பதிப்புக்கு இருபத்தைந்து.

1762-இல் அரசர் மூன்றாம் ஜார்ஜ் ஆண்டுக்கு முந்நூறு பவுன் உபகாரச் சம்பளம் அளித்தபின் அவர் கவலை தீர்ந்தது. 1777-இல் மூன்று புத்தக வியாபாரிகள் வீடுதேடி வந்து, ஆங்கிலக் கவிகளின் நூல்களுக்கு முன்னுரையாக அவர்களுடைய சரித்திரங்களை எழுதித் தருமாறு வேண்டி, தொகையைத் தாங்களே கூறுங்கள் என்றார்கள். இருநூறு கினி என்றார் ஜான்ஸன். ஆயிரம், ஆயிரத்தைந்நூறு என்று கேட்டிருந்தாலும் தயங்காமல் தந்திருப்பார்கள் என்பது அவருடைய நண்பர் மலோனின் துணிபு. சிறு முன்னுரைகளாகத் தொடங்கியவை ஐம்பத்திரண்டு கவிகளின் சரித்திரமாக விரிந்தன. வியாபாரிகள் தாமாகவே மேலும் நூறு கினி சேர்த்துத் தந்தார்கள். அவர்கள் குறைவாகக் கொடுக்கவில்லை, தாமே அதிகமாக எழுதிவிட்டதாக ஜான்ஸன் கூறினார். பெருந்தன்மையான பேச்சுதான், இருந்தும் அவர் செய்தது சரியன்று என்றே நான் சொல்வேன். உபகாரச் சம்பளம் உள்ளவர் விலையைக் குறைத்துக் கூறினால், அச்சம்பளம் இல்லாத எழுத்தாளனிடமும் அதே விலை பேசப்படும்.

ஆகையால், எழுத்தை நம்பி வாழப் புறப்படும் இளைஞர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான்: பத்திராதிபரோ பிரசுரகர்த்தரோ விலையைக் கேட்டால், அன்றே விடை கூற வேண்டாம், அத்தகைய வேலைக்குப் பிறர் பெற்றது என்னவென்று விசாரித்து, தொகையையும் தவணையையும் உரிமையையும் எழுத்தில் வாங்கியபின் எழுதத் தொடங்குங்கள்.

அடுத்த வாரம் ஜான்ஸனின் நண்பர் ஆலிவர் கோல்ட்ஸ்மித். வாடகைப் பாக்கிக்காக வீட்டுக்காரியால் சிறைப்பட்டிருந்த அவருடைய அறையிலிருந்து ஒரு நாவலின் கையெழுத்துப் பிரதியை எடுத்துச் சென்று, அறுபது பவுனுக்கு விற்றுக்கொடுத்தவர் ஜான்ஸனே.