காகிதத்தைத் தேடி ஓடும் ஜொகூர் கூட்டம்: ஹேஷ் என்றால் என்ன, ஓரியண்டியரிங் என்றால் என்ன?

மாலை மணி 6.40. கூலாய் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குள் நிற்கிறீர்கள். கைப்பேசியில் லைன் இல்லை. முன்னே பார்த்தால் மரம், பின்னே பார்த்தாலும் அதே மரம். அரை மணி நேரத்தில் இருட்டிவிடும். அப்போது எங்கிருந்தோ "ஆன் ஆன்!" என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால், காலடியில் ஒரு வெள்ளைக் காகிதத் துண்டு.

இப்போ சொல்லுங்க, நீங்க தொலைஞ்சு போயிட்டீங்களா, இல்லை சரியான பாதையில்தான் இருக்கீங்களா?

ஜொகூரில் இந்தக் காகிதத் துண்டைப் படிக்கத் தெரிந்தவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். ஜொகூர் பாரு, குளுவாங், பத்து பகாட் போன்ற ஊர்களில் வாரம் ஒரு முறை கூடி, காட்டிலும் தோட்டத்திலும் வழி தேடி ஓடுபவர்கள் அவர்கள். 'ஹேஷ் ஹவுஸ் ஹேரியர்ஸ்' என்பது முழுப் பெயர்; வழக்கில் வெறும் 'ஹேஷ்'. இதற்கு இன்னொரு உறவுக்கார விளையாட்டும் உண்டு: ஓரியண்டியரிங். கையில் வரைபடம், திசைகாட்டி. கண்டுபிடிக்க வேண்டிய இடங்களின் பட்டியல். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி தெரிந்தாலும் உள்ளே நடப்பது வேறு. இரண்டையும் பார்த்துவிடுவோம்.

1932: பெயர் இல்லாத ஒரு ஜொகூர் கிளப்

ஹேஷ் பிறந்த ஊர் கோலாலம்பூர், ஆண்டு 1938. இது பலருக்குத் தெரியும். அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே ஜொகூர் பாருவில் இதே மாதிரி ஓர் ஓட்டம் இருந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

ஹேஷின் முதல் உறுப்பினர்களில் ஒருவர் ஃபிரெடரிக் 'ஹார்ஸ்' தாம்சன். 1932-இல் ஜொகூர் பாருவுக்கு வந்த கொஞ்ச நாளில் தம்மை ஓர் ஓட்டத்துக்கு அழைத்துப் போனார்கள் என்று அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தது ஹேஷ் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. வாரா வாரம் காகிதத் தடத்தைத் துரத்தி ஓடினார்கள். விதிமுறையும் கிட்டத்தட்ட இன்றைய ஹேஷ் விதிமுறைதான். அந்தக் கிளப்புக்கு ஒரு பெயர் வைக்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. 1935 வாக்கில் அது மறைந்துபோனதாகக் கருதப்படுகிறது.

1938 டிசம்பரில் ஆல்பர்ட் ஸ்டீபன் இக்னேஷியஸ் கிஸ்பர்ட் என்ற கணக்காளர், நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு கோலாலம்பூரில் தொடங்கிய கூட்டத்துக்குப் பெயர் கிடைத்தது. சிலாங்கூர் கிளப்பை ஒட்டிய விடுதியில் கிடைத்த சலிப்பான சாப்பாட்டைக் கேலி செய்து, அந்தச் சாப்பாட்டுக் கூடத்தை 'ஹேஷ் ஹவுஸ்' என்பார்களாம். அதுவே கிளப்பின் பெயரானது. கிஸ்பர்ட் 1942 பிப்ரவரியில், சிங்கப்பூரை ஜப்பானியப் படை பிடிப்பதற்குச் சில நாள் முன்பு, அங்கு நடந்த சண்டையில் உயிரிழந்தார். போர் முடிந்த பிறகு நண்பர்கள் ஓட்டத்தை மீண்டும் தொடங்கினார்கள். 1962-இல் சிங்கப்பூரில் இரண்டாவது கிளப் உருவாக, அங்கிருந்து உலகமெங்கும் பரவியது.

இங்கே ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடணும். அந்தக் காலத்தில் ஓடியவர்கள் பிரிட்டிஷ் அதிகாரிகளும் வணிகர்களும். அவர்கள் பொழுதுபோக்காக ஓடிய ரப்பர் தோட்டப் பாதைகளில், விடியற்காலையில் பால்மரம் சீவப் போனவர்களில் நம் தாத்தா பாட்டிகளும் உண்டு. வழி கண்டுபிடிப்பது ஒரு தரப்புக்கு விளையாட்டு. மறு தரப்புக்கு அன்றாட வேலை. இன்று இந்தக் கிளப்புகளில் எல்லா இனத்தவரும் ஓடுகிறார்கள். அதனால் இதை 'வெள்ளைக்காரன் விளையாட்டு' என்று ஒதுக்க வேண்டிய காரணம் இல்லை. அந்தப் பாதைகளில் நமக்கும் பங்கு உண்டு.

ஹேஷ் எப்படி ஓடுது?

ஒன்றிரண்டு பேர் 'முயல்'. கூட்டம் வருவதற்கு முன்பே அவர்கள் காட்டுக்குள் போய்க் காகிதத் துண்டுகளைப் போட்டுத் தடம் அமைத்துவிடுவார்கள். மற்றவர்கள் எல்லாம் அந்த முயலைத் துரத்தும் 'வேட்டை நாய்கள்'. தடத்தைப் பார்த்தவர் "ஆன் ஆன்!" என்று கத்தினால், பின்னால் வருபவர்களும் அந்தப் பக்கம் திரும்புவார்கள்.

சுவாரஸ்யம் எங்கே என்றால், தடம் நடுவில் திடீரென்று நின்றுவிடும். அந்த இடத்துக்கு 'செக்' என்று பெயர். அங்கிருந்து நாலா பக்கமும் தேடணும். ஒரு பக்கம் கொஞ்ச தூரம் காகிதம் இருக்கும். நம்பி ஓடினால் பொய்த்தடம். திரும்பி வரணும். உண்மையான தடம் வேறு பக்கம் ஒளிந்திருக்கும்.

எதற்கு இந்தத் தொல்லை? முன்னால் பறக்கிறவர்கள் செக்கில் தேடி அலையும் நேரத்தில், மெதுவாக வருகிறவர்கள் வந்து சேர்ந்துவிடுவார்கள். வேகமானவருக்குக் கூடுதல் தூரம், மெதுவானவருக்குக் குறைந்த தூரம். 20 வயதுக்காரரும் 65 வயதுக்காரரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஓட்டத்தை முடிக்க இந்த ஒரு விதி போதும். ஹேஷில் முதல் பரிசு இல்லை. முதலில் வந்ததாகப் பெருமையடித்தால் கேலிதான் கிடைக்கும்.

அப்போ ஓரியண்டியரிங்?

இங்கே நேரம்தான் எல்லாம். பொதுமக்களுக்கான முதல் போட்டி 1897 அக்டோபர் 31-ஆம் தேதி நார்வேயில், இன்றைய ஒஸ்லோ அருகே நடந்தது. 1919-இல் சுவீடனில் எர்ன்ஸ்ட் கில்லாண்டர் நடத்திய போட்டிக்குப் பிறகு வேகமாக வளர்ந்தது. அனைத்துலகச் சம்மேளனம் 1961-இல் அமைந்தது. முதல் உலகப் போட்டி 1966-இல் பின்லாந்தில் நடந்தது.

போட்டியின் அமைப்பு இதுதான். வரைபடத்தில் ஊதா நிற முக்கோணம் இருந்தால் அது தொடக்கம். வட்டங்கள் நீங்கள் போக வேண்டிய இடங்கள். இரட்டை வட்டம் முடிவு. ஒவ்வோர் இடத்திலும் ஆரஞ்சும் வெள்ளையும் கலந்த ஒரு கொடி தொங்கும். அங்கே போய் உங்கள் அட்டையில் துளையிடணும், அல்லது விரலில் மாட்டிய மின்னணுக் கருவியைச் செருகணும். ஓர் இடம் விட்டுப்போனாலும் உங்கள் முடிவு செல்லாது.

எல்லாரும் ஒன்றாகக் கிளம்ப மாட்டார்கள். இடைவெளி விட்டு ஒருவர் பின் ஒருவராக அனுப்புவார்கள். யார் பின்னாலும் ஒட்டிக்கொண்டு ஓடக்கூடாது. வழிகாட்ட ஜிபிஎஸ் கிடையாது. இரண்டு வட்டங்களுக்கு நடுவே எப்படிப் போவது என்பதும் உங்கள் முடிவு. குன்றைத் தாண்டி நேராகப் போவதா, சுற்றிப் போனாலும் பாதையிலேயே ஓடுவதா? கால் வேகமாக இருந்து தலை மெதுவாக இருந்தால் தோல்விதான்.

சுருக்கமாகச் சொன்னால், ஹேஷில் வழியை இன்னொருத்தர் போட்டு வைத்திருப்பார், கூட்டமாகத் தேடுவீர்கள். ஓரியண்டியரிங்கில் வழியே கிடையாது, தனியாக உருவாக்குவீர்கள்.

காடு வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 'ஸ்பிரின்ட்' என்ற குறுகிய வகையைப் பூங்கா, பல்கலைக்கழக வளாகம், குடியிருப்புப் பகுதி போன்ற இடங்களில் நடத்தலாம். அடர்ந்த வெப்பமண்டலக் காட்டில் ஓடுவது கடினம் என்பதால், நம்மைப் போன்ற நாடுகளுக்கு இது ரொம்பப் பொருத்தம்.

ஜொகூர் மண்ணில் வழி தேடுவது ஏன் தனிக் கலை?

முதலில் சூரியன். ஜொகூர் பாரு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 1.5 பாகையில் இருக்கிறது. நண்பகலில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேல். ஜூனில் கொஞ்சம் வடக்கே சாய்ந்திருக்கும், டிசம்பரில் தெற்கே. அதனால் நண்பகல் நிழலை வைத்துத் திசை சொன்னால் ஏமாந்துபோவீர்கள். காலையும் மாலையும் மட்டும் சூரியனை நம்பலாம்.

அடுத்து திசைகாட்டி. இதில் நமக்கு ஒரு நன்மை, ஒரு சிக்கல். நன்மை என்னவென்றால், ஜொகூரில் திசைகாட்டி காட்டும் வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் வித்தியாசம் மிகக் குறைவு. கணக்குப் போட்டுத் திருத்த வேண்டியதில்லை. சிக்கல்: திசைகாட்டி முள்ளை ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஏற்றபடி சமன்படுத்தித்தான் தயாரிக்கிறார்கள். ஐரோப்பாவுக்காகச் செய்ததை இணையத்தில் மலிவாக வாங்கினால், முள் ஒரு பக்கம் சாய்ந்து உராயலாம்.

மூன்றாவது, செம்பனை. மரங்களை முக்கோண அமைப்பில் நடுவதால் எந்தப் பக்கம் திரும்பினாலும் நேர் வரிசை தெரியும். எல்லா வரிசையும் ஒரே மாதிரி இருப்பதால்தான் தோட்டத்துக்குள் எளிதாக வழி தவறுகிறது. ஆனால் அதையே அளவுகோலாகவும் மாற்றலாம். ஒரு வரிசையில் மரத்துக்கு மரம் சுமார் 9 மீட்டர். 11 இடைவெளி தாண்டினால் ஏறக்குறைய 100 மீட்டர். எண்ணிக்கொண்டே நடந்தால் எவ்வளவு தூரம் வந்தோம் என்று தெரியும்.

இதில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். இடைநிலைப்பள்ளிப் புவியியலில் திசையும் கோண அளவும் அளவுத்திட்டமும் படித்தீர்கள். சாரணர் இயக்கத்தில் இருந்திருந்தால் திசைகாட்டியையும் தொட்டிருப்பீர்கள். தேர்வு முடிந்ததும் மறந்துபோன அந்தப் பாடத்துக்கு இங்கேதான் வேலை.

ஓட்டம் முடிந்த பிறகு

ஹேஷில் ஓட்டம் பாதி, மீதிப் பாதி 'வட்டம்'. எல்லாரும் வட்டமாக நிற்க, தலைவர் நடுவில் வருவார். அவருக்கு 'கிராண்ட் மாஸ்டர்' என்று பெயர். தடம் நன்றாக இருந்ததா, முயல் எங்கே சொதப்பினார், புதுமுகம் யார் என்று கேலியும் பாட்டுமாகப் போகும். தவறு செய்தவரைப் பனிக்கட்டி மேல் உட்கார வைக்கும் வழக்கமும் நம் வட்டாரத்தில் உண்டு. அங்கே முதலாளி, தொழிலாளி என்ற பேச்சு கிடையாது. பலருக்குப் பட்டப்பெயர்தான் பெயர்.

பீரும் இந்தக் கலாசாரத்தின் பகுதி. கோலாலம்பூர் கிளப் 1950-இல் பதிவு செய்தபோது எழுதிய நோக்கங்களிலேயே அது இருந்தது. குடிக்காதவர்கள் தண்ணீரோ குளிர்பானமோ எடுத்துக்கொள்ளலாம். வட்டத்தில் வரும் சில நகைச்சுவைகளும் பெரியவர்களுக்கானவை. உங்களுக்கு அது ஒத்துவராது என்றால், குடும்பமாக ஓடும் கிளப்பா, ஆண்கள் மட்டும் ஓடும் கிளப்பா, கலந்து ஓடும் கிளப்பா என்று முதலிலேயே கேட்டுவிடுங்க. கேட்பதில் தவறே இல்லை. ஓரியண்டியரிங்கில் இந்தச் சிக்கல் இல்லை. பத்து வயதுப் பிள்ளையும் பாட்டியும் அவரவர் வயதுப் பிரிவில் ஒரே நாளில் ஓடலாம். முடிந்ததும் வரைபடத்தை விரித்து "நீ எந்தப் பக்கம் போனே?" என்று பேசுவதுதான் அங்கே கச்சேரி.

நுழைவதற்கு முன்

நிரந்தர வனக் காப்பகத்துக்குள் போக, 1984 தேசிய வனச் சட்டப்படி மாநில வனத்துறையின் அனுமதி தேவை. தோட்டம் தனியார் சொத்து. நிர்வாகத்திடம் கேட்காமல் நுழைவது அத்துமீறல். 1,276 மீட்டர் உயரமுள்ள லேடாங் மலை போன்ற இடங்களுக்குத் தனி விதிமுறைகள் உண்டு. கிளப்போடு போனால் இந்த வேலையை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அதுவே கிளப்பில் சேர ஒரு நல்ல காரணம்.

இன்னொரு காரணம், எண்ணிக்கை. எத்தனை பேர் உள்ளே போனார்கள், எத்தனை பேர் வெளியே வந்தார்கள் என்று சரிபார்க்காமல் ஒரு நல்ல கிளப் கலையாது. நீங்கள் வராமல் போனால் உங்களைத் தேடி விளக்கோடு ஆள் வரும். தனியாகப் போனால், நீங்கள் காணாமல் போனதே மறுநாள்தான் தெரியவரும்.

பையில் இருக்க வேண்டியவை: தலைவிளக்கு, விசில், தண்ணீர், முழுச் சார்ஜ் போட்ட கைப்பேசி. இடி இடித்தால் மேட்டையும் தனி மரத்தையும் விட்டு விலகுங்க. ஓடைத் தண்ணீரும் சேறும் எலிச் சிறுநீர்க் காய்ச்சலைப் பரப்பலாம். காலில் காயம் இருந்தால் இறங்காதீங்க. இறங்கிய பிறகு காய்ச்சல் வந்தால், காட்டுக்குப் போனதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்க. வழி தவறிவிட்டது என்று தெரிந்தால் ஓடாதீங்க. நின்று, விசில் ஊதி, 999-ஐ அழையுங்க. இருந்த இடத்திலேயே இருப்பவரைக் கண்டுபிடிப்பது எளிது.

பக்கத்தில் கிளப் இல்லையா? நீங்களே தொடங்கலாம். பொதுச் சங்கமாகப் பதிய குறைந்தது 7 பேர் வேண்டும். விளையாட்டுக் கிளப் என்றால் 1997 விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் விளையாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதியணும். பதிவுக்கு முன் ஒரு சின்ன முயற்சி செஞ்சு பாருங்க. வரும் ஞாயிறு, உங்க தாமான் பூங்காவின் வரைபடத்தை அச்சடித்து, பத்து இடங்களைக் குறித்து, நண்பர்களிடம் கொடுங்க. கைப்பேசிகளை எல்லாம் ஒரு பையில் போட்டுவிடுங்க.

தோட்டத்தில் வளர்ந்த பாட்டியோ தாத்தாவோ வீட்டில் இருந்தால், புறப்படுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்க: விளக்கே இல்லாத விடியற்காலையில் உங்க மரத்தை எப்படிக் கண்டுபிடிச்சீங்க? பதில் எந்த ஆப்பிலும் கிடைக்காது.